நொடிக்கு ஏழு எழுத்து

விழிஞ்ஞத்துக்கு வரும் ராட்சதக் கப்பல்கள் ஏன் இன்னமும் அலங்காரமில்லாத மெயிலை நம்புகின்றன?

எம்எஸ்சி ஐரினா கப்பலை முழுசாக ஒரு போட்டோவுக்குள் அடக்குவது கஷ்டம். ஏறக்குறைய 400 மீட்டர் நீளம். இருபதடிக் கணக்கில் 24,346 கன்டெய்னர் ஏற்றலாம். 2025 ஜூன் 9-ம் தேதி அது கேரளத்து விழிஞ்ஞத்தில் வந்து கட்டியபோது, பிரதமர் அந்தத் துறைமுகத்தைத் திறந்துவைத்து ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

இந்த மாதிரிக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அதற்கு முன்னால் அதன் மெயில்கள் போய்விடும். எத்தனை மணிக்கு வெளித்துறைக்கு வருவோம், கப்பல் தண்ணீருக்குள் எத்தனை மீட்டர் இறங்கி நிற்கிறது, கடைசியாகத் தொட்ட பத்துத் துறைமுகங்கள் எவை, துறைமுகப் பைலட்டுக்கு ஏணியை எந்தப் பக்கம் இறக்குவது என்று வரிவரியாக இருக்கும். கேப்டன்கள் இவற்றைப் பெரும்பாலும் வெறும் எழுத்தில்தான் அனுப்புவார்கள். நிறம் கிடையாது, லோகோ கிடையாது, தடித்த எழுத்துகூடக் கிடையாது. டைப்ரைட்டரில் அடித்த கடிதம் போலிருக்கும்.

அதே நேரம் இரண்டு மூன்று கிலோமீட்டர் வடக்கே, கோவளத்து ரிசார்ட் ஒன்று கர்க்கடக மாத ஆயுர்வேத சிகிச்சைக்குத் தள்ளுபடி மெயில் அனுப்பும். திறந்தால் தென்னை, கடல், எண்ணெய் ஊற்றும் வெண்கலக் கிண்ணம், கீழே பச்சைப் பொத்தான். முதல் மெயிலில் இருப்பது சொல் மட்டும். இரண்டாவதில் சொல்லோடு, அது எப்படித் தெரிய வேண்டும் என்ற கட்டளையும் சேர்ந்து வருகிறது. வலைப்பக்கங்களை எழுதும் அதே எச்டிஎம்எல் குறியீடுதான் அந்தக் கட்டளை. தொழில்நுட்பக்காரர்கள் முதல் வகையை ‘பிளெயின் டெக்ஸ்ட்’ என்பார்கள்.

எது நல்லது என்று கேட்டு முப்பது வருஷமாகச் சண்டை நடக்கிறது. எனக்குக் கேள்வியையே கொஞ்சம் மாற்றத் தோன்றுகிறது. சொல்லின் உடுப்பை அனுப்புகிறவர் தைத்து அனுப்புவதா, வாங்குகிறவர் தன் வீட்டில் போட்டுக்கொள்வதா?

தந்தி காலத்திலேயே இதற்கு ஒரு பதில் இருந்தது. நம் ஊர் வாழ்த்துத் தந்தி நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும். கல்யாண வாழ்த்துக்கு ஒரு எண், பொங்கல் வாழ்த்துக்கு ஒரு எண். கம்பியில் போனது அந்த எண்ணும் பெயரும்தான். பூப்போட்ட வண்ணத்தாள், வாழ்த்து வாசகம் எல்லாம் போய்ச் சேர்ந்த ஊர்த் தந்தி ஆபீஸில் இருந்தன. அலங்காரத்துக்கு யாரும் கம்பிக் கூலி கொடுக்கவில்லை. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி நின்றபோது இந்தக் கெட்டிக்காரத்தனமும் சேர்ந்து மறந்துபோனது.

மெயில் சட்டை போட்ட கதை

1971-ல் ரே டாம்லின்சன் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே முதல் மெயிலை அனுப்பினார். 1982-ல் மெயிலுக்கு வகுக்கப்பட்ட விதிமுறையும் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் ஆகியவற்றை மட்டுமே கணக்கில் கொண்டது. படம் இல்லை, பாட்டு இல்லை, தமிழும் இல்லை.

நதானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் சேர்ந்து உருவாக்கிய ‘மைம்’ முறைதான் இந்தக் கதவைத் திறந்தது. 1992 மார்ச்சில் போரன்ஸ்டைன் தன் பாட்டுக் குழுவின் போட்டோவையும் பாட்டையும் மெயிலில் இணைத்து அனுப்பினார். இன்று நாம் அட்டாச்மென்ட் என்று சொல்வதன் தாத்தா அது. அதே முறையில் இன்னொரு நல்ல ஏற்பாடும் இருந்தது. ஒரே மெயிலுக்குள் ஒரே செய்தியை இரண்டு வடிவில் வைக்கலாம். முதலில் வெறும் எழுத்து, அடுத்து அலங்கார வடிவம். வாங்குகிறவரின் கருவிக்கு எது புரிகிறதோ அதைக் காட்டிக்கொள்ளும். பெரும்பாலான மெயில் மென்பொருள்கள் இதை இன்றும் நமக்குத் தெரியாமலே செய்கின்றன. விளம்பர மெயில் அனுப்புகிறவர்களில் பலர் முதல் வடிவத்தை வைக்க மறந்துவிடுகிறார்கள், அல்லது ‘படத்தைப் பார்க்க முடியவில்லையா, இங்கே வாருங்கள்’ என்ற ஒற்றை வரியைப் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

1996 ஜூலை 4-ம் தேதி சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். பாட்டியா பெங்களூரில் வளர்ந்தவர். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியபோது எச், டி, எம், எல் என்ற நான்கு எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் போட்டார்கள். பிரௌசரில் மெயில் படிக்கத் தொடங்கிய பிறகு, மெயிலும் வலைப்பக்கம் மாதிரி இருந்தால் என்ன என்ற ஆசை எல்லோருக்கும் வந்துவிட்டது.

தமிழுக்குக் கிடைத்த லாபம்

எச்டிஎம்எல் மெயிலைத் திட்டுகிறவர்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களாகவே இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். அவர்களுக்கு எழுத்து என்றைக்குமே பிரச்சினையாக இருந்ததில்லை. நமக்கு இருந்தது.

1990-களில் வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு மெயில் போட்டவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். ‘பழம்’, ‘பலம்’, ‘பளம்’ எல்லாம் ஒன்றாகிவிடும் எழுத்து. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’, மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த ‘முரசு அஞ்சல்’ போன்றவை திரையில் தமிழைக் கொண்டுவந்தன. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனிக் குறியீடு. ஒன்றில் ‘க’வாக இருப்பது இன்னொன்றில் வேறு ஏதோவாக இருக்கும். வெறும் எழுத்து மெயிலில் ‘இதை இன்ன எழுத்துருவில் படி’ என்று சொல்ல வழியில்லை. படிப்பவரே தேடிப்பிடித்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் திரையில் கிறுக்கல்தான். எச்டிஎம்எல் மெயிலிலோ எழுத்துருவின் பெயரை உள்ளேயே எழுதிவிடலாம். அது வாங்குகிறவரின் கம்ப்யூட்டரில் இருந்தால் போதும், திறந்ததும் தமிழ் தெரியும்.

ஆக, வாங்குகிறவரிடம் உடுப்பு இல்லாத காலத்தில் அனுப்புகிறவர் அதைச் சொல்லி அனுப்பியது நியாயம்தான். 2000-த்தில் விண்டோஸ் லதா எழுத்துருவோடு, எல்லா எழுத்துருவுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் தமிழைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மெல்ல மாறியது. தமிழ் எழுத்து இப்போது ஒவ்வொருவர் போனிலும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. இன்று வெறும் எழுத்து மெயிலிலேயே தமிழ் சுகமாகப் போகும்.

ஆனால் சுமை கொஞ்சம் கூடுதல். ‘மீன்’ என்பது நமக்கு இரண்டெழுத்து. கம்ப்யூட்டருக்கு ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 12. ஆங்கில எழுத்து மட்டுமே செல்லும் பழைய பாதையில் போவதற்காக மெயில் மென்பொருள் அதை விரித்து எழுதும் ஒரு முறையில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகிவிடும். இரண்டெழுத்து மீன் 36 எழுத்தாகப் பயணிக்கிறது. இதற்கு மேல் நிறமும் கட்டமும் ஏற்றினால் என்னாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையிலும் எச்டிஎம்எல் ஜெயிக்கிறது, மறுக்க முடியாது. கொரோனா காலத்தில், 2020 ஜூலை முதல், விழிஞ்ஞத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்களில் மாலுமிகளை மாற்றினார்கள். அப்போது இங்கே கன்டெய்னர் துறைமுகம் கட்டி முடியவில்லை. சர்வதேசக் கப்பல் பாதை பக்கத்திலேயே போவதால் கப்பல்கள் லேசாக ஒதுங்கி நின்று, ஒப்பந்தம் முடிந்தவர்களை இறக்கிவிட்டுப் புதியவர்களை ஏற்றிக்கொண்டு போயின. மாலுமி மாற்றம் என்றால் பட்டியல்தான். பெயர், நாடு, பிறந்த தேதி, பதவி, பாஸ்போர்ட் எண் என்று ஒரு வரிக்கு அரை டஜன் தகவல். எக்செல்லில் இருந்து எடுத்து எச்டிஎம்எல் மெயிலில் ஒட்டினால் கட்டம் கட்டமாக நிற்கும். வெறும் எழுத்தில் ஒட்டினால் நெடுவரிசை குலைந்து, ஒருவர் பாஸ்போர்ட் எண் இன்னொருவர் பெயருக்கு அடியில் போய் நிற்கும். கப்பலேறக் காத்திருக்கிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

முட்டத்தின் கணக்கு

பாரதிராஜா படத்தால் தமிழர்களுக்கு அறிமுகமான முட்டம், விழிஞ்ஞத்துக்குத் தெற்கே கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது. அங்கே ஒரு நாவ்டெக்ஸ் நிலையம் உண்டு. கலங்கரை விளக்கத் துறை இந்தியக் கரையில் நிறுவிய ஏழு நிலையங்களில் தமிழ்நாட்டில் இருப்பவை முட்டமும் பரங்கிப்பேட்டையும். புயல், கடலில் மிதக்கும் ஆபத்து, தேடுதல் மீட்பு போன்ற அறிவிப்புகளை வானொலி வழியாக எழுத்தாகவே கப்பலுக்கு அனுப்பும் ஏற்பாடு இது. உலகம் முழுக்க ஒரே அலைவரிசை, 518 கிலோஹெர்ட்ஸ். கப்பலைச் செலுத்தும் அறையில் இருக்கும் சின்னப் பெட்டி அதைத் தானாக வாங்கி வைத்துக்கொள்ளும்.

இது மெயில் இல்லை. ஆனால் எழுத்துக்கு எடை உண்டு என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் கருவி எனக்குத் தெரியாது. வேகம் நொடிக்கு 100 பிட். ஒரு எழுத்துக்கு 7 பிட். வழியில் கெட்டுவிட்டால் சரிசெய்ய ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை அனுப்புகிறார்கள். ஆக நொடிக்கு ஏழு எழுத்து. ஒரு நிலையத்துக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம்தான் முறை வரும். அந்தப் பத்து நிமிடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து போகும்.

இப்போது கோவளத்து ரிசார்ட் மெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். படங்களை விட்டுவிடலாம், குறியீடு மட்டும் நூறு கிலோபைட் இருப்பது சாதாரணம். 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டி ஒளித்துவைக்கும் அளவுக்கு அது சாதாரணம். அந்த நூறு கிலோபைட்டை நாவ்டெக்ஸ் வேகத்தில் அனுப்பினால் நான்கு மணி நேரம் ஆகும். நடுவில் வேறு எந்த நிலையமும் வாய் திறக்க முடியாது.

செயற்கைக்கோள் போன் பரவாயில்லை, ஆனாலும் பணக்காரப் பாதை அல்ல. இரிடியம் நிறுவனத்தின் பழைய டேட்டா இணைப்பு நொடிக்கு 2,400 பிட், அதாவது 300 பைட். கேப்டனின் இரண்டு கிலோபைட் மெயில் ஏழு நொடியில் போய்விடும். ரிசார்ட்டின் மெயிலுக்கு ஆறு நிமிடம் பிடிக்கும். நிமிடத்துக்குக் காசு. அதனால்தான் கடலில் மெயில் சேவை தந்தவர்கள் அலங்காரத்தை உரித்துவிட்டு எழுத்தை மட்டும் அனுப்பினார்கள். 2022-ல் ஸ்டார்லிங்க் கடலுக்கு வந்தபின் பெரிய கப்பல்களில் மாலுமிகள் வீடியோ கால் பேசுகிறார்கள், உண்மை. கேப்டன்களின் பழக்கம் மட்டும் போகவில்லை. பழக்கம் என்று மட்டம் தட்டவும் மனசு வரவில்லை. டிஷ் பழுதானால் மிஞ்சுவது மெல்லிய இழைதான்.

அந்த இழைகூட இல்லாவிட்டால் என்னாகும் என்று விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்துக்கு நன்றாகத் தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் உருவானபோது இந்தக் கரையிலிருந்தும் கன்னியாகுமரியின் தூத்தூர் பகுதிக் கரையிலிருந்தும் போன படகுகள் ஏற்கெனவே கடலில் இருந்தன. எச்சரிக்கை கரையில் இருந்த அலுவலகங்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆழ்கடலில் இருந்தவனிடம் அதை வாங்க எதுவும் இல்லை. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

அதன்பின் 2019 அக்டோபரில் மத்திய அரசு ‘ஜெமினி’ என்ற கையடக்கக் கருவியை அறிமுகப்படுத்தியது. ககன் என்ற செயற்கைக்கோள் அமைப்பின் வழியாக வரும் சுருக்கமான செய்தியை அது வாங்கி, புளூடூத்தில் போனுக்குக் கொடுக்கும். போனில் உள்ள ஆப் அதை வட்டார மொழிகளில் காட்டும். வானத்திலிருந்து இறங்குவது சின்னப் பொட்டலம், மொழியும் வடிவமும் படகுக்காரர் கையில் இருக்கும் போனில். வாழ்த்துத் தந்தியின் அதே மூளை! கன்டெய்னர் தொழிலிலும் அதே கதைதான். எந்தப் பெட்டி கப்பலில் எந்த அடுக்கில் இருக்கிறது என்று சொல்லும் ‘பேப்லி’ பட்டியலைத் திறந்து பார்த்தால் கூட்டல் குறியும் எண்களும் கலந்த வறட்டு வரிகள். ஐரினாவின் ஆயிரக்கணக்கான பெட்டிகளும் அப்படித்தான் துறைமுகத்துக்குத் தெரியவருகின்றன. அதை வண்ணக் கட்டங்களாக வரைவது கரையில் இருக்கும் கம்ப்யூட்டரின் வேலை.

சட்டைக்குள் கத்தி

வெறும் எழுத்து மெயிலில் ஒரு வலை முகவரி அம்மணமாக நிற்கும். கண் முன்னால் தெரிவதுதான் போகுமிடம். எச்டிஎம்எல்லில் ‘பணி நியமன ஆணையைப் பார்க்க’ என்று நீலப் பொத்தான் இருக்கும், அடியில் வேறு எங்கோ போகும் முகவரி இருக்கும். ஏமாற்றுக்காரனுக்கு இதைவிட வசதி வேண்டாம்.

கப்பல் வேலை என்று சொல்லிப் பணம் பிடுங்கும் மெயில்கள் நம் கடற்கரை இளைஞர்களைக் குறிவைத்து வருவது புதிதல்ல. பெரிய கப்பல் கம்பெனியின் லோகோ, அதே நீலம், அதே எழுத்துரு, கீழே கையெழுத்து மாதிரி ஒரு படம். இவை எதையும் வலையிலிருந்து நகலெடுக்க ஐந்து நிமிடம் போதும். கம்பெனியின் மெயில் அழகாக இருப்பதாலேயே அதன் போலியும் அழகாக இருக்கிறது. மாலுமிகளை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் ஆர்பிஎஸ்எல் உரிமம் வேண்டும். வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. உரிமம் உண்மையா என்பதை இயக்ககத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். லோகோவைப் பார்த்து நம்பியவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. வெறும் எழுத்திலும் பொய் சொல்லலாம், அனுப்புநர் பெயரைக்கூட மாற்றலாம். ஆனால் அங்கே பொய்யன் சொல்லை மட்டும் வைத்து நம்மை மயக்க வேண்டும்.

படத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு புள்ளி அளவு படத்தை மெயிலில் வைத்தால், நீங்கள் திறக்கும்போது அது அனுப்பியவரின் சர்வரிலிருந்து இறங்கும். எப்போது திறந்தீர்கள், எத்தனை முறை, ஏறக்குறைய எங்கிருந்து என்பதெல்லாம் அங்கே பதிவாகும். கடிதத்தைப் பிரிக்கிறவரின் ஜன்னலில் எட்டிப்பார்ப்பது மாதிரி. 2013 டிசம்பரில் ஜிமெயில் படங்களைத் தன் சர்வர் வழியாகவே காட்டத் தொடங்கியது. 2021-ல் ஆப்பிள், நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவைத்து இந்த வேவைக் குழப்பியது. முழுசாக ஒழியவில்லை.

1999-ல் வந்த பபிள்பாய் என்ற புழு இன்னும் மோசம். அட்டாச்மென்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை. அவுட்லுக்கில் மெயிலைத் திறந்தாலே போதும், அதன் எச்டிஎம்எல்லுக்குள் இருந்த நிரல் ஓடியது. அந்தக் கதவை மூடிவிட்டார்கள். 2018 மே மாதம் ‘ஈஃபெயில்’ என்ற ஓட்டை வெளியானது. பூட்டி அனுப்பிய ரகசிய மெயிலை, அதைச் சுற்றி எச்டிஎம்எல் துணுக்கை ஒட்டி, வாங்கியவரின் மென்பொருளே திறந்து வெளியே அனுப்பும்படி செய்ய முடிந்தது. பாதுகாப்பு நிபுணர்கள் அப்போது கொடுத்த வைத்தியங்களில் ஒன்று, மெயிலில் எச்டிஎம்எல்லை அணைத்து வையுங்கள் என்பது. இப்போது மெயிலைச் சுருக்கிச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறதல்லவா? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகக் கட்டளை எழுதி அதை ஏமாற்றலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, இயந்திரம் படித்துவிடும்.

தைத்தது ஒரு அளவு, போடுவது வேறு அளவு

இவ்வளவு பாடுபட்டு வடிவமைத்தாலும் அது அப்படியே போய்ச் சேர்வதில்லை. அவுட்லுக் 2007-ல் மைக்ரோசாஃப்ட் மெயிலைக் காட்டும் வேலையை வேர்டு மென்பொருளிடம் கொடுத்தது. அன்றிலிருந்து மெயில் வடிவமைப்பவர்கள், வலை உலகம் எப்போதோ கைவிட்ட கட்டத்துக்குள் கட்டம் முறையிலேயே வேலை செய்து பழகிவிட்டார்கள். இருள் திரையில் பார்த்தால் கறுப்பு லோகோ காணாமல் போகும். படத்தை முடக்கி வைத்திருந்தால் வெற்றுச் சதுரம் மட்டும் நிற்கும். எனக்குப் போன வருஷம் ஒரு நிறுவனத்திடமிருந்து கட்டணக் கெடு முடிவதாக மெயில் வந்தது. முழு அறிவிப்பும் ஒரே படமாக. படம் இறங்கவில்லை. நான் பார்த்தது ஒரு வெள்ளைக் கட்டமும் ‘நன்றி’யும்தான். அபராதம் கட்டினேன். பார்வையில்லாதவர் திரைவாசிப்பு மென்பொருளில் அந்த மெயிலைத் திறந்திருந்தால் அவருக்கும் கேட்டிருக்கக்கூடியது அந்த ‘நன்றி’ மட்டும்தான்.

சரி, தடித்த எழுத்தே இல்லாமல் முக்கியமானதை எப்படிக் காட்டுவது? ஆங்கிலத்தில் வெறும் எழுத்து எழுதுகிறவர்கள் பெரிய எழுத்தில் கத்துவார்கள். தமிழில் பெரிய எழுத்து என்ற ஒன்றே இல்லை. அதனால் தமிழுக்குத் தடித்த எழுத்து கூடுதல் அவசியம் என்று ஒரு நண்பர் வாதாடினார். திரையில் தமிழைத் தடிக்கவைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ‘ணி’யின் சுழியெல்லாம் அடைபட்டு மசித்துளி போலாகிவிடும். சாய்வெழுத்தோ தமிழுக்கு ஒட்டவே ஒட்டாத வேஷம். அழுத்தம் தர நம்மிடம் இருப்பவை ‘தான்’, ‘ஏ’, ‘கூட’. ‘வெள்ளிக்கிழமைக்குள் கட்டவும்’ என்பதைச் சிவப்பில் போடுவதற்குப் பதில், ‘வெள்ளிக்கிழமைக்குள்ளேயே கட்ட வேண்டும், சனிக்கிழமை வாங்க மாட்டோம்’ என்று எழுதினால் எந்தத் திரையிலும் அழியாது. கேப்டன்கள் செய்வது இன்னும் எளிது. முக்கியமானதை முதல் வரியில் எழுதுகிறார்கள்.

விழிஞ்ஞம் பழைய மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பக்கம் பள்ளிவாசல், இன்னொரு பக்கம் தேவாலயம். கடல் சீற்ற அறிவிப்புகள் இந்த ஊர்களில் வழிபாட்டுத் தலங்களின் ஒலிபெருக்கி வழியாகவும் படகுக்காரர்களுக்குப் போய்ச் சேர்கின்றன. வானிலை அறிக்கைகள் இப்போது வண்ண வரைபடமும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கட்டங்களுமாகத்தான் வருகின்றன. பார்க்க நன்றாகவே இருக்கும். மைக் முன்னால் காகிதத்தோடு நிற்கிறவர் சிவப்புக் கட்டத்தை வாசிக்க முடியாது. ஒரு கணம் தயங்கி, பாதி மலையாளம் பாதித் தமிழான அந்தக் கரைப் பேச்சில், இன்றைக்கு யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று அவர்தான் சொல்லாக்கிக்கொள்கிறார்.